மே லீவுல அஞ்சு வாரம் லேப்ல ரிசர்ச்சு... போய்ட்டு வந்த சயின்ஸ் டீச்சருங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க

பென்னாகரம்_சயின்ஸ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கங்க. பென்னாகரம் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளில ஒன்பதாவது பத்தாவதுக்கு சயின்ஸ் எடுக்கறேன். எம்.எஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்சு பதினோரு வருசம் ஆச்சு, அதுக்கப்புறம் பியூரெட்ட கையில எடுத்ததுன்னா பத்தாவது பிராக்டிகலுக்கு பசங்களுக்கு காட்டறதுக்கு மட்டுந்தான்.

விசயம் என்னன்னா, எனக்கு பாடம் எடுத்த மேடம் இப்ப வேற ஒரு காலேஜ்ல இருக்காங்க, நிலத்தடி தண்ணில ஃபுளோரைடு எவ்ளோ இருக்குன்னு ஒரு வேலை ஓடிட்டு இருக்கு, மே மாசம் அஞ்சு வாரம் வந்து கூட வேலை செய்றியான்னு கேட்டாங்க. காசெல்லாம் கிடையாது, பஸ் காசும் சாப்பாடும் நம்மளுது. எனக்கு போகணும்னு ஆசை. நம்மூர்ல ஃபுளோரைடு பத்தி சொல்லவே வேண்டாம், என் கிளாஸ்லயே நாலஞ்சு புள்ளைங்க சிரிக்கும்போது கைய வெச்சு வாய மூடிக்குதுங்க, தண்ணில ஃபுளோரைடு ஜாஸ்தியானதால பல்லுல மஞ்சக்கறை. பாடத்துல ஃபுளோரின்னு அணு எண் 9னு சொல்லிக் குடுத்துட்டு அடுத்த பாடத்துக்கு போய்டறேன், அது மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

ஆனா எச்.எம் கிட்ட சொன்னா "இதனால ரிசல்ட் ஏறுமா மேடம்"னு சிரிக்கறார். வீட்ல பொண்ணுக்கு ஏழு வயசு, லீவுல தான் அம்மா கூட இருக்கும்னு மாமியார் சொல்றாங்க, அதுவும் நியாயம் தான். அதவிட பெரிய பயம், அங்க இருக்கற ரிசர்ச் பசங்க எல்லாம் இருபத்திரண்டு இருபத்தஞ்சு வயசு, அவங்க முன்னாடி போய் எதுவும் தெரியாம நின்னா அசிங்கமா இருக்குமோன்னு.

யாராச்சும் இப்படி போயிருக்கீங்களா? போய்ட்டு வந்து கிளாஸ்ல நெஜமாவே எதாச்சும் மாறுச்சா? கொஞ்சம் வெளிப்படையா சொல்லுங்க.

---

காரிமங்கலத்தான் எழுதியது:

போங்க மேடம். மூணு வருசம் முன்னாடி இதே மாதிரி இதே ஃபுளோரைடு வேலைக்கு ஆறு வாரம் போனவன் நான், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

மொதல்ல அசிங்கம் பத்தி. ஆமா இருக்கும், மொத வாரம் முழுக்க இருக்கும். நான் மொத நாளே ஊர் ஊரா சுத்தி பதினாலு போர் தண்ணி புடிச்சுட்டு போய் பெருமையா டேபிள்ல வெச்சேன், எல்லாம் கழுவின கண்ணாடி பாட்டில்ல. அங்க இருந்த பொண்ணு, என் ஸ்டூடண்ட் வயசு தான் இருக்கும், சார் ஃபுளோரைடுக்கு கண்ணாடி வேண்டாம், பாலித்தீன் பாட்டில்ல தான் புடிக்கணும்னு சொல்லிச்சு. பதினாலும் திரும்ப போய் புடிச்சேன், பைக்குக்கு பெட்ரோல் என் காசு. அதுவும் மே மாசம் பாலக்கோடு ரோட்ல மத்தியானம் பன்னெண்டு மணிக்கு.

அடுத்தது ஃபுளோரைடு அளக்கற எலக்ட்ரோடு. நமக்கு பி.எச் மீட்டர் தெரியும்ல, கிட்டத்தட்ட அதே மாதிரி தான், முனையில லாந்தனம் ஃபுளோரைடு படிகம் இருக்கும், தண்ணில விட்டா மில்லிவோல்ட் காட்டும். ஃபுளோரைடு பத்து மடங்கு ஏறுனா 59 மில்லிவோல்ட் வாக்குல இறங்கணும், அது 25 டிகிரில. இந்தக் கணக்கு வர்ற நெர்ன்ஸ்ட் சமன்பாட்ட எம்.எஸ்சில மனப்பாடம் பண்ணி எழுதி மார்க்கும் வாங்கிட்டேன், ஆனா அதுல டி (T)ன்னு ஒரு எழுத்து இருக்கே அது நெஜமான வெப்பநிலைன்னு எனக்கு உறைச்சது மூணாவது வாரத்துல தான் (சிரிக்காதீங்க). காலைல எட்டரைக்கு ஸ்டாண்டர்ட் (ஃபுளோரைடு எவ்ளோன்னு முன்னாடியே தெரிஞ்ச கரைசல்) போட்டு வெப்பேன், பதினோரு மணிக்கு கரண்டு போய்டும், ஃபேன் நின்னு ரூமு கொதிக்கும், வெயில்ல வந்த சாம்பிள அப்படியே உள்ள விடுவேன், ரீடிங் நகந்துக்கிட்டே இருக்கும். மெசின் ரிப்பேர்னு நான் சொல்லிட்டு இருந்தேன். 35 டிகிரில அந்த 59 வந்து 61 ஆய்டும்னு கணக்கு போட்டு பாத்தப்ப தான் தப்பு யாரு மேலன்னு புரிஞ்சுது. ஸ்டாண்டர்டும் சாம்பிளும் ஒரே சூட்டுல இருக்கணும், அவ்ளோ தான். ஒரு பக்கெட் தண்ணில ரெண்டையும் அரை மணி நேரம் உக்கார வெச்சேன், சரியாய்டுச்சு.

டிஸாப்னு ஒரு கரைசல் சேப்பாங்க, சாம்பிளுக்கு சரி பாதி. அது எதுக்குன்னு கேட்டு தெரிஞ்சுக்கோங்க, சும்மா ஊத்தாதீங்க. தண்ணில அலுமினியமோ இரும்போ இருந்தா ஃபுளோரைட கட்டிப் புடிச்சுக்கும், எலக்ட்ரோடுக்கு கண்ணுல படாது, அத பிரிச்சு விடறது ஒரு வேலை. பி.எச்ச 5, 5.5ல நிறுத்தறது இன்னொரு வேலை, ஏன்னா காரம் ஜாஸ்தியானா ஹைட்ராக்சைட எலக்ட்ரோடு ஃபுளோரைடுனு ஏமாந்துக்கும், அமிலம் ஜாஸ்தியானா ஃபுளோரைடு எச்.எஃப்பா (ஹைட்ரஜன் ஃபுளோரைடு) மாறி ஒளிஞ்சுக்கும். அயனி, சமநிலை, பஃபர்னு நாம தனித்தனி பாடமா நடத்தறது எல்லாம் அந்த ஒரு ஐம்பது மில்லி பீக்கர்ல ஒண்ணா நிக்குது.

கிளாஸ்ல என்ன மாறுச்சுன்னு கேட்டீங்க. முன்னாடியெல்லாம் பசங்களுக்கு பிராக்டிகல்ல ஆன்சர் தப்பா வந்தா பக்கத்துல இருக்கறவன பாத்து மாத்தி எழுதுவானுங்க, நானும் கண்டுக்க மாட்டேன், ஏன்னா என்ன வரணும்னு எனக்கு முன்னாடியே தெரியும். இப்ப ஒருத்தனுக்கு வேற மாதிரி வந்தா அவன் கிட்ட தான் மொதல்ல போறேன். ஆறு வாரத்துல எனக்கு கிடைச்சது அது ஒண்ணு தான், வேற ஒண்ணும் பெருசா இல்ல.

ஒரே ஒரு எச்சரிக்கை. கிளாஸ்ல புள்ளைங்க பல்ல வரிசையா நிக்க வெச்சு பாக்கற வேலைய மட்டும் பண்ணாதீங்க, நான் பண்ணேன், ஒரு பொண்ணு ரெண்டு நாள் ஸ்கூலுக்கு வரல. தண்ணிய அளந்தா போதும்.

---

சும்மா_ஒரு_வாத்தி எழுதியது:

காரிமங்கலத்தார் சொல்றதெல்லாம் நல்லா தான் இருக்கு, நான் கொஞ்சம் கசப்பா சொல்றேன் கோச்சுக்காதீங்க.

ஏப்ரல் ஃபுல்லா பேப்பர் திருத்தல், அது முடிஞ்சா அட்மிசனுக்கு வீடு வீடா போகணும், நடுவுல எமிஸ்ல (பள்ளி விவரம் ஏத்தற அரசு வெப்சைட்) எதாச்சும் ஏத்தணும், தேர்தல் வருசமா இருந்தா அது வேற. மிச்சம் இருக்கறது இருபது நாளு. அதுலயும் போய் சொந்த காசுல வேலை செஞ்சா சர்வீஸ் புக்ல ஒரு வரி ஏறாது, புரமோசனுக்கு ஒரு மார்க் கிடையாது. போன வருசம் ஒரு காலேஜ்ல (பேர் வேண்டாம்) எங்க ஏரியா டீச்சர் ஒருத்தர் போனார், ஒரு மாசம் பூரா அவர வெச்சு பாட்டில் கழுவுனதும் லேபிள் ஒட்டுனதும் தான், கடைசில பேப்பர் வந்தப்ப நன்றின்னு கூட பேரு இல்ல.

போகவேண்டாம்னு சொல்லல. என்ன வேலை, எத்தன நாளு, என் கையில எது வரும்னு மொதல்லயே கேட்டுட்டு போங்க. அப்புறம் எச்.எம் கிட்ட வாயால சொன்னா பத்தாது, எழுதி குடுத்து ஒரு காப்பில சீல் வாங்கி வெச்சுக்கோங்க, நாளைக்கு திடீர்னு டிரெய்னிங்னு கூப்பிட்டா காட்டலாம்.

---

மாங்கொட்டை எழுதியது:

நான் போச்சம்பள்ளி பக்கம், பயாலஜி. ரெண்டு மே மாசம் பழ ஈ பின்னாடி சுத்துனேன். எங்க வீட்டுக்கு ஒண்ணரை ஏக்கர் மாந்தோப்பு, பெங்களூராவும் நீலமும், அதனால எனக்கு அது ஆராய்ச்சியும் ஆச்சு வீட்டு வேலையும் ஆச்சு 😄

வேலை என்னன்னா, மரத்துல பொறி கட்டறது. டப்பாக்குள்ள மீத்தைல் யூஜினால் ஊற வெச்ச ஒரு மரத்துண்டு, அந்த வாசனைக்கு ஆண் ஈ மட்டும் வந்து விழும். வாரத்துக்கு ரெண்டு தடவ போய் எண்ணணும். எண்ணறதுன்னா ஈஸின்னு நெனைக்காதீங்க, மொத வாரம் ஒரு டப்பால நூறுக்கு மேல செத்த ஈ, ஒண்ணு ஒண்ணா இடுக்கில எடுத்து வெள்ளைப் பேப்பர்ல பத்து பத்தா அடுக்கி... அதுக்கப்புறம் ஒரு வாரம் சோத்துல சீரகத்த பாத்தாலே எனக்கு ஈ மாதிரி தெரிஞ்சுது.

ரெண்டாவது வேலை தான் எனக்கு புடிச்சது. கீழ விழுந்த பழத்த மரத்து வாரியா பொறுக்கி, மணல் போட்ட டிரேல வெச்சு மேல வலை கட்டிடணும். புழு பழத்த விட்டு வெளிய வந்து மணல்ல போய் கூட்டுப்புழுவா மாறும், சலிச்சு எண்ணணும், அப்புறம் ஈயா வர்றத ஆணு பொண்ணு பாத்து எழுதணும். இப்ப பாருங்க, எந்த மரத்துல பொறில நெறைய ஈ விழுந்துச்சோ அந்த மரத்துப் பழத்துல தான் புழு ஜாஸ்தி இருக்கும்னு நான் நெனைச்சேன், எல்லாரும் அப்படி தான நெனைப்போம். எங்க தோப்புல அப்படி இல்ல. கெணத்தோரம் இருந்த மரத்துல பொறி காலி, பழத்துல பாத்தா நெளியுது. நோட்டுல தப்பா எழுதிட்டேன்னு திரும்ப எண்ணுனேன். அப்புறம் தான் தோணுச்சு, பழத்துல ஊசி மாதிரி குத்தி முட்டை வெக்கறது பொண்ணு ஈ, பொறில விழறது ஆண் ஈ, ரெண்டும் ஒரே கணக்கு ஏன் ஆகணும்? இது புஸ்தகத்துல ஒரு வரியா படிச்சிருந்தா எனக்கு ஒட்டியிருக்காது.

ஜூன்ல ஸ்கூல் தொறந்ததும் எட்டாவது பசங்க கிட்ட துளசி இலைய கசக்கி டப்பால போட்டு கட்ட சொன்னேன், துளசியிலயும் அந்த மீத்தைல் யூஜினால் இருக்கு, காசே இல்லாத பொறி. ஒருத்தன் வீட்ல அவங்க தாத்தா "எத்தன வருசமா மருந்து அடிக்கறேன், இத யாரும் சொல்லலையே"ன்னு கேட்டாராம். வேலை செஞ்சுதான்னா, செஞ்சுது, ஆனா ரெண்டு நாளுக்கு ஒரு தடவ இலைய மாத்தணும், பசங்க ஒரு வாரத்துல விட்டுட்டானுங்க. அதுவும் ரிசல்ட் தானே.

பொண்ணு விசயம்: என் பையன கூட்டிட்டே போனேன் தோப்புக்கு. லேபுக்கு அது முடியாது, ஆனா தண்ணி புடிக்க போற அன்னிக்கு கூட்டிட்டு போலாமே.

---

பிஎச்டி_முடியல எழுதியது:

அந்த இருபத்தஞ்சு வயசு ஆளு நான் தான் மேடம் 🙋 எங்க லேப்ல ரெண்டு சம்மர் டீச்சருங்க வந்திருக்காங்க, அந்தப் பக்கத்துலேர்ந்து சொல்றேன்.

நாங்க தான் பயப்படுவோம். நம்மள எழுப்பி கேள்வி கேட்ட டீச்சர் பக்கத்துல வந்து பிப்பெட் புடிச்சா கை நடுங்காதா. ஒரு விசயம் தெரிஞ்சுக்கோங்க, எங்களுக்கு எலக்ட்ரோடு தெரியும், ஊரு தெரியாது. போன டீச்சர் ஒருத்தங்க வந்த பின்னாடி தான் எந்த போர் எத்தன அடி, எது போன வருசம் வத்தி மறுபடி எறக்குனது, எந்த தெருவுல காவேரி தண்ணியும் போர் தண்ணியும் ஒரே டேங்க்ல கலக்கறாங்கன்னு எல்லாம் வந்துச்சு. அதுவரைக்கும் எங்க மேப்ல வெறும் புள்ளி தான். ஆழம் தெரியாம ஃபுளோரைடு நம்பர வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது, ஏன்னா இந்தப் பக்கம் பூரா நைஸ் (gneiss), கிரானைட்னு கெட்டிப் பாறை, பாறைல இருக்கற அபடைட், பயோடைட்ங்கற கனிமங்கள்லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா கரையுது, தண்ணி எவ்ளோ நாளு பாறைக்குள்ள நிக்குதோ அவ்ளோ ஏறும். அதோட கால்சியம் கம்மியா சோடியம் பைகார்பனேட் ஜாஸ்தியா இருக்கற தண்ணில தான் ஃபுளோரைடு நல்லா ஏறும், கால்சியம் இருந்தா கால்சியம் ஃபுளோரைடா படிஞ்சுடும். அதனால ஃபுளோரைடு மட்டும் அளக்காம கால்சியமும் டைட்ரேட் பண்றேன்னு நீங்களே கேட்டு வாங்கிக்கோங்க, ஈ.டி.டி.ஏ டைட்ரேசன், உங்களுக்கு கைவந்த கலை.

இந்திய தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற தண்ணியே இல்லன்னா 1.5 வரைக்கும். இத ஊர்ல சொல்லும்போது ஜாக்கிரதை. உங்க போர்ல 2.6 இருக்குன்னு சொன்னா அடுத்த கேள்வி "அப்ப நாங்க என்ன குடிக்கறது"ன்னு வரும், பதில் இல்லாம நம்பர மட்டும் குடுத்துட்டு வராதீங்க. 2013லேர்ந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் (காவேரி தண்ணி) தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் வருது, குடிக்கவும் சமைக்கவும் அத வெச்சுக்கிட்டு போர குளிக்க தொவைக்கன்னு சொல்லலாம். நெறைய வீட்ல குடிக்க மட்டும் காவேரி, சோறு களி எல்லாம் போர் தண்ணில தான். "காவேரி தண்ணி சப்புனு இருக்குது கண்ணு, போர் தண்ணி தான் ருசி"ன்னு ஒரு பாட்டி எங்கிட்டயே சொன்னாங்க.

சும்மா_ஒரு_வாத்தி சார் சொன்னது உண்மை, பாட்டில் கழுவ விடற லேப் இருக்கு. ஆனா சார், நானும் மொத வருசம் பூரா பாட்டில் தான் கழுவுனேன்.

---

ஊத்தங்கரை_நிழல் எழுதியது:

லேப் கிடைக்காதவங்களுக்காக ஒண்ணு. நான் எங்கயும் போகல, மொட்டை மாடி தான். தருமபுரிக்கு ஏப்ரல் 22, கிருஷ்ணகிரிக்கு 23 வாக்குல சூரியன் நேர் உச்சிக்கு வரும், அன்னிக்கு உச்சி நேரத்துல நட்டு வெச்ச கம்பிக்கு நிழலே இருக்காது. சரியா பன்னெண்டு மணிக்கு நிக்காதீங்க, நம்மூருக்கு பன்னெண்டு பதினாறு பதினேழு ஆகும். அதே நேரத்துல வடக்க தூரமா இருக்கற ஒரு டீச்சர அவங்க ஊர்ல கம்பி நிழல அளக்க சொல்லி, ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்கற தூரத்த வெச்சு பூமி சுத்தளவு கணக்கு போட்டோம். 40,000 கிலோமீட்டர் வரணும், எங்களுக்கு 37 ஆயிரத்து சொச்சம் வந்துச்சு. கம்பி நேரா நிக்கலன்னு கண்டுபுடிச்சது ஏழாவது படிக்கற பொண்ணு, கொத்தனார் வீட்டு பொண்ணு, தூக்குக்குண்டு கொண்டாந்து காட்டுச்சு.

---

பென்னாகரம்_சயின்ஸ் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. படிச்சுட்டு எச்.எம் கிட்ட எழுதி குடுத்து சீலும் வாங்கிட்டேன். மேடம் கிட்ட என்ன வேலைன்னு கேட்டேன், இருபது போர், ஃபுளோரைடும் கால்சியமும், டேட்டா நானும் வெச்சுக்கலாம்னு சொன்னாங்க. போறேன். முடிஞ்சதும் வந்து எழுதறேன்.

---

பென்னாகரம்_சயின்ஸ் எழுதியது (ஜூன்):

போய்ட்டு வந்துட்டேன். பஸ்ல மட்டும் தெனம் ரெண்டரை மணி நேரம், கால் வீங்கிடுச்சு. இருபது போர்னு போனது பதினேழுல நின்னுச்சு, மூணு வத்திப் போச்சு. பொண்ணு மூணு நாளு கூட வந்து பாட்டில்ல நம்பர் எழுதுச்சு, 6ம் 9ம் அதுக்கு ஒரே மாதிரி, அதனால ரெண்டு சாம்பிள் மறுபடி புடிக்க வேண்டியதாச்சு.

ஒரு டவுட்டு கேக்கணும். எங்க ஊர்ல பாதி பேரு "காய்ச்சி குடிச்சா ஃபுளோரைடு போய்டும்"னு நம்பறாங்க. போகாது, தண்ணி ஆவியாகி ஃபுளோரைடு இன்னும் கெட்டியா தான் ஆகும்னு காட்டலாம்னு 2.6 இருந்த தண்ணி ரெண்டு லிட்டர காய்ச்சி ஒரு லிட்டரா வத்த வெச்சேன். 5.2 வரணும்ல? 4.4 தான் வருது. மூணு தடவ அளந்தேன், டிஸாப் போட்டு, சூடு ஆறி, ஸ்டாண்டர்ட் கூடவே பக்கெட்ல உக்கார வெச்சு, காரிமங்கலம் சார் சொன்ன மாதிரியே. ஏறுதுங்கறது தெளிவா தெரியுது, ஆனா மிச்சம் எங்க போச்சு? பாத்திரத்து அடில வெள்ளையா உப்பு படிஞ்சிருந்துச்சு, அதுல மாட்டிக்கிச்சோன்னு நெனைச்சேன், அத ஆசிட்ல கரைச்சு பாக்கறதுக்குள்ள அஞ்சு வாரம் முடிஞ்சு போச்சு. மேடம் கிட்ட கேட்டா "நீ தான் கண்டுபுடிக்கணும்"னு சிரிக்கறாங்க. பழைய நானா இருந்தா 5.2ன்னு எழுதியிருப்பேன்னு நெனைக்கும்போது சிரிப்பா வருது.

---

காரிமங்கலத்தான் எழுதியது:

மேடம், எந்த பாத்திரத்துல காய்ச்சினீங்க?

---

பென்னாகரம்_சயின்ஸ் எழுதியது:

லேப்ல ஹாட்பிளேட் காலியா இல்லன்னு வீட்ல தான் காய்ச்சினேன். அலுமினிய குண்டால... ஐயோ.

---

காரிமங்கலத்தான் எழுதியது:

😂 டிஸாப் போட்டதால அலுமினியம் புடிச்சு வெச்சத பெரும்பாலும் விட்டிருக்கும், அதனால அது தான் காரணம்னு அடிச்சு சொல்ல மாட்டேன். வெள்ளைப் படிவா இருக்கவும் வாய்ப்பு இருக்கு. அதே போர் தண்ணிய எவர்சில்வர்ல ஒண்ணு அலுமினியத்துல ஒண்ணுனு பக்கத்து பக்கத்து அடுப்புல வெச்சு காய்ச்சுங்க. அடில படியற உப்ப கீழ கொட்டிடாதீங்க.

---

பென்னாகரம்_சயின்ஸ் எழுதியது:

சனிக்கிழமை வெக்கறேன். மாமியார் கிட்ட தான் ரெண்டு அடுப்பும் வேணும்னு கேக்கணும்.